அறுபதாவது அடுப்பு

இந்த ஊரில் இன்றைக்கு அறுநூறு அடுப்பு எரிகிறது. அதில் ஒன்றே ஒன்றை அணைக்கத்தான் ஒன்பது வருடமாகத் தலையால் தண்ணீர் குடிக்கிறேன். முடியவில்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதைப் போட வைத்தவனும் நான்தான்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். இந்த ஊரில் இதற்குச் சிரிக்காதவர்கள் யாரும் மிச்சமில்லை.

நாங்கள் வந்தபோது ஊர் என்று ஒன்று கிடையாது. புதிதாக வெட்டிய வாய்க்கால் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் முள்ளும் கல்லும், அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, லாரியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நான், என் பெண்டாட்டி, என் தம்பி, மூன்று பேர். எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. பகலில் உள்ளே இருந்தால் வேகும், மழை பெய்தால் காது அடைக்கும்.

முதல் வருடம் கல் பொறுக்கினோம். இரண்டாவது வருடமும் கல் பொறுக்கினோம். தம்பி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, போன வாரம் பொறுக்கின எடத்துலயே மறுபடியும் மொளச்சிருக்குண்ணே. பேசாம கல்லையே அறுவடை பண்ணுவோம்" என்பான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. எனக்கு இருபத்தேழு. அவனுக்கு எட்டு வயதில் எங்கள் அம்மா போய்விட்டாள், அடுத்த வருடமே அப்பா. அதிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு, தலை துவட்டி, அடித்து, அணைத்து, ஆளாக்கியவன் நான். இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவி, ஒரே பாயில் நானும் அவனும் சாப்பிட உட்காருவோம். எந்த வரப்பு உடைந்தது, எவன் வாய்க்கால் தண்ணீரை முறை தப்பித் திருப்பினான், தம்பி எந்த இடத்தில் ஏரைக் கோணலாக ஓட்டினான், எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்வேன். நான் பேசுவேன், அவன் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவான். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான். நாலு வருடம் கழித்து அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். வந்த பெண்ணும் வாய் திறக்காத பெண். "நல்ல பொண்ணு, சத்தமே இல்ல" என்று நானே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அதை அதிகம் சொல்லப்போவதில்லை. வந்த மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் என் பெண்டாட்டிக்கு வலி எடுத்தது. டாக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஆற்றில் வெள்ளம். படகுக்காரனின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன், அவன் படகை எடுக்கவில்லை. வண்டியிலேயே குழந்தை பிறந்தது, அழவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஆகவே தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே நான் முடிவுகட்டிவிட்டேன். இந்தப் பிள்ளை வண்டியில் பிறக்கக்கூடாது. ஊருக்கு ஆஸ்பத்திரி வந்தாக வேண்டும். அப்போது ஊர்க் கமிட்டி என்று ஐந்து பேர் இருந்தோம், நான்தான் தலைவர். தொண்டை பெரிது என்பதால் என்னைப் போட்டார்கள் என்று தையல்காரர் சொல்லித் திரிவார். பொறாமை.

ஆற்றைக் கடந்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் ஒரு அச்சடித்த புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அறுபது குடும்பத்துக்குக் குறைந்த ஊருக்கு ஆஸ்பத்திரி கிடையாது.

"குடும்பம்னா எப்படிங்க எண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தனி வாசல், தனி அடுப்பு. அடுப்பைத்தான்யா எண்ணுவோம்."

எங்களிடம் இருந்தது ஐம்பத்து மூன்று அடுப்பு. ஏழு குறைகிறது. படகில் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழு அடுப்புக்காக ஒரு உயிர் போக வேண்டுமா? கரை சேர்வதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. அந்த யோசனை வந்த மண்டையைத்தான் இப்போது தினமும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தானியக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். "அண்ணன் தம்பி, அப்பா மகன்னு ஒண்ணா இருக்கிற வீடு ஆறு இருக்கு. நடுவுல ஒரு சுவரு, பின்னால ஒரு வாசல், உள்ள ஒரு அடுப்பு. ஆள் வந்து எண்ணிட்டுப் போனதும் இடிச்சிடுவோம். ஒரு நாள் கூத்து!"

"ஆறுதானே ஆச்சு? ஏழாவது?" என்றார் தச்சர்.

தையல்காரர் கையைத் தூக்கினார். "நானும் என் பொண்டாட்டியும் பிரிஞ்சிக்கிறோம். சண்டைக்குத் தனியா ஒத்திகை பாக்க வேண்டியதில்ல."

கொட்டகையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரை நானும் தம்பியும்தான் எழுப்பினோம். அதற்குள் தகரம் போய் மண்சுவரும் கூரையுமாக வீடு கட்டியிருந்தோம். இரண்டு வருடம் பொறுக்கின கல் கொல்லையில் குவிந்து கிடந்தது. அதைத்தான் அடியில் போட்டு, மேலே மண் குழைத்து வைத்தோம். "ரொம்ப அழுத்தமா வைக்காதடா, இடிக்கணும்" என்றேன். அவனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. அதுவும் நான் பழக்கியதுதான்.

புது அடுப்பு புதுசாகத் தெரியக்கூடாதே. ஈர வைக்கோலைப் போட்டு மூன்று நாள் புகை போட்டோம். சுவரும் கூரையும் கறுத்தது, நாங்கள் நாலு பேரும் இருமியே செத்தோம். ஆள் அடுத்த வாரம் வருவதாகக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வருவதாக இன்னொரு கடிதம். அப்புறம் கடிதமும் இல்லை. மறுபடி ஆற்றைக் கடந்து போனால், "அவர் வெளியே போயிருக்கார், எப்ப வேணா வருவார்" என்றார் எழுத்தர். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே பதில், அதே பல் குத்தல்.

எப்போது வேண்டுமானாலும் வருவார் என்றால் என்ன செய்வது? மற்ற ஆறு வீட்டில் வேலை சுலபமாக முடிந்தது. ஆள் வருவது தெரிந்தால் நாலு சுள்ளியைப் பற்றவைக்கலாம் என்று அடுப்பைச் சும்மா விட்டுவைத்தார்கள். நான் அப்படி விடுவேனா? தலைவர் வீடாயிற்றே! சாம்பலைக் கிளறிப் பார்ப்பார், சட்டியை மோந்து பார்ப்பார் என்று எனக்கு நானே பயந்துகொண்டு, "நம்ம வீட்டுல நெஜமாவே ரெண்டு சமையல் நடக்கணும்" என்று உத்தரவு போட்டேன்.

முதல் வாரம் தம்பி அந்தப் பக்கம் அடுப்பை எரியவிட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு என் பாய்க்கே வந்துவிடுவான். நான்தான் விரட்டினேன். "டேய், ஆபீஸ் ஆள் அந்த நேரம் பாத்து நுழைஞ்சா என்ன ஆகும்? உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுடா!" அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். தட்டோடு எழுந்து போனான். அவன் எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வாய்தான், வேறு யாரைச் சொல்ல?

இப்படி நாலு மாதம். நான் பாயில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கும். ஒரு நாள் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் குரல். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்பி பெண்டாட்டி சிரிக்கிறாள். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசியில் அந்த ஆள் வந்தார். கையில் பெரிய குடை, கக்கத்தில் நோட்டு. குடைக்காரர் என்றுதான் பிறகு அவருக்குப் பேர். நான் பயந்தபடியே சாம்பலைக் கிளறினார், அடுப்பின் மேல் கையை நீட்டிச் சூடு பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தையல்காரர் வீட்டில் போய், "நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் பிரிஞ்சீங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். தையல்காரர் பெண்டாட்டி ஆரம்பித்தாள் பாருங்கள், அரை மணி நேரம். குடைக்காரர் குடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். "அது நடிப்பா நெஜமான்னு எனக்கே தெரியலண்ணே" என்று தையல்காரர் என் காதில் சொன்னார்.

அடுத்தது எங்கள் வீடு. ஐம்பத்தொன்பது என்று என் கதவில் தகடு அடித்தார். பின்னால் சுற்றிப் போய்த் தம்பி வாசலில் நின்றார். "அண்ணன் தம்பிதானே? நல்லாத்தானே இருக்கீங்க? எதுக்குப் பிரிஞ்சீங்க?"

இதற்கு நான் பதில் தயார் செய்யவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவன் இதை மறந்துவிட்டேன். தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணன் ரொம்பப் பேசுவாருங்க" என்றான்.

கூட வந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. குடைக்காரர் சிரிக்காமல் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு அறுபது என்று தகடு அடித்தார். அட, என்ன சாமர்த்தியமான பயல், கண நேரத்தில் எப்படிச் சமாளித்தான் என்று நான் அவன் முதுகில் தட்டினேன். நன்றாகத் தட்டினேன், கை வலிக்கிற அளவுக்கு.

இரண்டு மாதத்தில் டாக்டர் வந்தார். தானியக் கொட்டகையின் பாதியைத் தடுத்து நாலு கட்டில் போட்டோம். அவர் வந்து ஒன்பதாம் நாள் தம்பிக்கு மகள் பிறந்தாள். பிள்ளை கால் முன்னால் வரும்படித் திரும்பி இருந்ததாம். வண்டியில் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குழந்தை போட்ட சத்தம் வாய்க்கால் வரை கேட்டது. நான் கொட்டகைக்கு வெளியே நின்று அழுதேன். என் பெண்டாட்டி அழவில்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்தச் சுவரை என்னால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

தையல்காரர் குடைக்காரர் போன அன்று சாயங்காலமே பெண்டாட்டியோடு சேர்ந்துவிட்டார். மற்ற ஐந்து வீட்டிலும் ஒரு மாதத்தில் சுவரை இடித்து மண்ணைக் கொல்லையில் கொட்டினார்கள். நானும் குழந்தை வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தேன்.

"அண்ணே, ஒரு வருஷத்துல மறுபடி வந்து சரி பாப்பாங்களாம்ணே. அது வரைக்கும் இருக்கட்டுமே" என்றான் தம்பி.

நியாயம்தான். காத்திருந்தேன். ஆஸ்பத்திரி இருக்கிறது என்றதும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வருடம் முடிவதற்குள் எண்பது அடுப்பு. சரிபார்க்க எவனும் வரவே இல்லை.

மறுபடி கடப்பாரையை எடுத்தேன். "பாப்பாவுக்கு இருமலா இருக்குண்ணே. மண்ணு தூசி ஆகாது. மழை முடியட்டும்."

மழை முடிந்தது. அறுவடை வந்தது. அறுவடை முடிந்ததும் ஓடு போடலாம் என்று நானே சொன்னேன். எப்படியும் கூரையைப் பிரிக்கிறோமே, அதோடு சுவரையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப்போட்டு, தச்சரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விதை வாங்க வெளியூர் போனேன். நாலு நாள். திரும்பி வந்து பார்த்தால் சிவப்பு ஓடு பளபளவென்று இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். உத்தரம் சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"யோவ், என்னய்யா இது?"

"உத்தரம் நீளம் பத்தலண்ணே. ரெண்டு துண்டா போட்டேன். நடுவுல சுவரு வசதியா இருந்துச்சு, அது மேல உக்கார வச்சேன்" என்றார் தச்சர்.

"இதை இடிக்கிறதா இருக்கோம்யா!"

"இப்ப இடிச்சா ஓடு மொத்தமும் உங்க தலையிலதான். நல்ல கெட்டியான சுவருண்ணே. யாரு வச்சது?"

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடவில்லை என்பது சுவருக்கு அந்தப் பக்கம் தெரியவும் இல்லை.

அப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. ஊர் வளர்ந்தது. மாவு மில் வந்தது, சைக்கிள் கடை இரண்டு வந்தது, பஸ் வந்து நின்று திரும்புகிற அளவுக்கு ரோடு வந்தது. தம்பி மகள் நாள் முழுக்க இரண்டு வாசலிலும் ஓடிக்கொண்டிருப்பாள். "பெரியப்பா, அறுபதாம் நம்பர்ல இன்னைக்குக் கத்தரிக்காய். அம்பத்தொம்பதுல என்ன?" என்று கேட்பாள். வாலு. வயலில் தம்பியும் நானும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம், ஒரே நிலம்தான், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அவன் கைகால் கழுவிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுகிறான். நான் முன்பக்கமாக நுழைந்து அந்தப் பாயில் உட்காருகிறேன். "வாடா, இன்னைக்கு இங்க சாப்பிடு" என்று கூப்பிட்டால், "இருக்கட்டும்ணே, அவ சமைச்சிருப்பா" என்பான். எத்தனை தடவைதான் கூப்பிடுவது? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

போன மாதம்தான் எல்லாம் வெடித்தது. சந்தை எங்கே வைப்பது என்று ஊர்க் கூட்டம் போட்டார்கள். வாய்க்கால் திருப்பத்தில் வைக்க வேண்டும் என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். மாடு தண்ணீர் குடிக்கும், காய்கறி கழுவலாம், மரநிழல் இருக்கிறது, எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். ரோட்டோரம்தான் வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். வீட்டுக்கு ஒரு கை என்று கையைத் தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். ஒரு கை வித்தியாசத்தில் தோற்றேன். ஒரே ஒரு கை.

திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரத்துக்காகத் தூக்கிய கைகளுக்கு நடுவில் என் தம்பியின் கை நின்றுகொண்டிருந்தது. அறுபதாம் நம்பர் வீட்டின் கை! நான் பெற்றுக்கொடுத்த நம்பர்! ஒரே அடுப்பாக இருந்திருந்தால் அந்தக் கையே இருந்திருக்காது!

வெயில் உச்சியில் இருந்தது. கூட்டத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். கடப்பாரையை எடுத்தேன். ஓடு தலையில் விழுந்தால் விழட்டும். ஒரே குத்து. மண் பெயர்ந்தது. இன்னொரு குத்து.

என் பெண்டாட்டி அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தள்ளிக்கோ. ஒன்பது வருஷமா பொறுத்தாச்சு. இன்னைக்கு ஒண்ணாக்கிட்டுத்தான் மறுவேலை."

"யாரு கேட்டா?"

"என்னது?"

"ஒண்ணாக்கச் சொல்லி யாரு கேட்டான்னு கேக்கிறேன். நான் கேட்டேனா? அவ கேட்டாளா?"

அவள் நிறுத்தவில்லை.

"ஒரே அடுப்புல ரெண்டு வருஷம் கெடந்தோம். நான் உப்பு போட்டா கொழுந்தனாருக்கு ஆகாது, அவ உப்பு போட்டா உங்களுக்கு ஆகாது. அவ வாயத் தொறக்க பயப்படுவா, நான் அவளைத் திட்டிடுவேனோன்னு நானே பயப்படுவேன். இந்தச் சுவரு வந்தப்புறம்தான் நாங்க அக்கா தங்கச்சியா பேசிக்கிறோம். தெனம் வாய்க்கால்ல துணி தொவைக்கும்போது எவ்வளவு சிரிக்கிறோம் தெரியுமா? உங்களுக்கு எங்க தெரியும்? எனக்கு இந்தச் சுவரு வேணுங்க."

பதினெட்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. அல்லது சொல்லி நான் கேட்கவில்லை. எது என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

அதற்குள் நான் குத்திய இடத்தில் அந்தப் பக்கத்து மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்து, ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டையில் தம்பியின் முகம் தெரிந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் மண்.

"அண்ணே, சட்டி ஒடஞ்சிருச்சுண்ணே" என்றான்.

"சட்டியா முக்கியம்? கையத் தூக்கினியேடா! எனக்கு எதிரா!"

"ரோட்டோரம்தாண்ணே சந்தைக்கு நல்லது. பஸ்ஸு அங்கதானே நிக்குது."

"சந்தை நாசமாப் போகட்டும்டா!" என்று கத்தினேன். "உன்கூட உக்காந்து சாப்பிடணும்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவ்வளவுதான். அதுக்குத்தான்டா இந்த ஒன்பது வருஷமும்..."

என் பெண்டாட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டியும் வந்து நிற்பது சேலை அசைவில் தெரிந்தது. தம்பி முகத்து மண்ணைத் தோளால் துடைத்தான்.

"எனக்கும் ஆசைதாண்ணே" என்றான் மெதுவாக. "ஆனா பதினாறு வருஷம் நீங்க பேசப்பேச சாப்பிட்டேன். ஒரு நாள்கூட என்ன சாப்பிட்டேன்னு எனக்கு நெனப்பில்லண்ணே. இந்தப் பக்கம் வந்துதான் எனக்குக் கத்தரிக்காய் புடிக்கும்னே தெரிஞ்சுது."

"அன்னைக்கு அந்தக் குடைக்காரர்கிட்ட..."

"ஆமாண்ணே. வேற எதுவும் தோணல. நெசத்தைச் சொல்லிட்டேன்."

அந்த முதுகில்தான் நான் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன்.

கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். ஊர் முழுக்க விஷயம் போய்விட்டது. தையல்காரர் வேண்டுமென்றே இரண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்து போனார்.

மறுநாள் நான் வயலிலிருந்து திரும்பியபோது தச்சர் எங்கள் வீட்டில் இருந்தார். தம்பி அழைத்து வந்திருக்கிறான். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, சட்டம் வைத்து, இரண்டு கதவு போட்ட சின்ன ஜன்னல் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரம். உத்தரத்துக்கு எந்தச் சேதாரமும் இல்லை என்று தச்சர் சத்தியம் செய்தார். தம்பி பச்சை வண்ணம் அடித்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பரவாயில்லை, பயலுக்கு அண்ணன் மேல் பாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடிப் பார்க்கப் போனேன்.

என் பக்கம் பிடிக்க ஒன்றுமே இல்லை. வழவழவென்று பலகை மட்டும்.

"யோவ், தாழ்ப்பாள் எங்கய்யா?"

"அந்தப் பக்கம் வச்சிருக்கேண்ணே" என்றார் தச்சர், உளியைத் துடைத்துக்கொண்டே. "தம்பி அப்படித்தான் சொன்னாரு."

முதல் நாள் ரோஷத்தில் நான் தட்டவில்லை. இரண்டாம் நாளும் தட்டவில்லை. மூன்றாம் நாள் பாயை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு, தட்டை வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினேன். என் வீட்டுக்குள், நான் வைத்த சுவரில், நான் வளர்த்த தம்பியைப் பார்க்க! உடனே திறந்தான். அந்தப் பக்கம் அவனும் தட்டோடுதான் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் கத்தரிக்காய். ஜன்னல் வழியாக இரண்டு துண்டு எடுத்து என் தட்டில் வைத்தான். உப்பு கொஞ்சம் அதிகம். சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த நாள் மேல்வரப்பு உடைந்த விஷயத்தை எடுத்தேன். எடுத்தவன் நிறுத்தாமல், போன வருடம் உடைந்தது, அதற்கு முந்தின வருடம் உடைந்தது, அவன் மண்வெட்டி பிடிக்கிற லட்சணம், சந்தை, பஸ் என்று போய்க்கொண்டே இருந்தேன். தம்பி கோபப்படவில்லை. "சரிண்ணே, நாளைக்குப் பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கதவையும் சாத்தினான். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. பாதிச் சோறு தட்டில் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் தட்டுகிறேன், தினமும் திறக்கிறான். மழை வருமா என்று அவன் கேட்டால் வரும் என்கிறேன். வாலு பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாள் என்று அவன் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். நாக்கு நுனி வரை வரப்பும் வாய்க்காலும் வந்து நிற்கிறது, சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுகிறேன். என்ன செய்வது? தாழ்ப்பாள் அவன் பக்கம் இருக்கிறது.